நாலு விரல் மண்

என் வயதை ஒட்டியவர்களுக்குத் தேயிலைப் பெட்டி நினைவிருக்கும். மெல்லிய பலகையில் அடித்து, ஓரங்களில் தகரப் பட்டை வைத்து, உள்ளே வெள்ளித்தாள் ஒட்டியிருக்கும். துறைமுகத்துக்கு மூட்டை தூக்கப் போகிறவர்கள், கழித்துப் போட்ட பெட்டிகளைத் தலையில் வைத்துக் கொண்டுவருவார்கள். துணி வைக்க, அரிசி வைக்க, கவிழ்த்துப் போட்டு உட்கார என்று எங்கள் வரிசையில் எல்லா வீட்டிலும் ஒன்று கிடந்தது. இப்போது எங்கும் காணோம். மூன்று மாதத்துக்கு முன்னால் என் மகள் கோழிக்குஞ்சு விடப் பெட்டி கேட்டபோது கடையில் அட்டைப்பெட்டிதான் கிடைத்தது. அதற்குள் உமியைப் பரப்பி, பல்பைப் போட்டு, அவள் குஞ்சுகளை விட்ட மறுநாள், சூடான உமியும் குஞ்சு எச்சமும் கலந்த அந்த வாசனை வந்தது. நாற்பது வருஷமாக நான் மறந்திருந்த வாசனை.

அதைச் சொல்ல வந்தால் அத்தையைச் சொல்ல வேண்டும்.

அத்தை, அப்பாவின் ஒரே தங்கை. நான் அஞ்சாவது படித்த வருஷம், பொங்கல் கழித்து ஒரு மத்தியானம் மஞ்சள் பையோடு வந்து வாசலில் நின்றாள். ஓட்டப்பிடாரத்துக்கு அந்தப் பக்கம் கரிசல் ஊரில் அவளைக் கட்டிக்கொடுத்திருந்தது. மாமா குடிக்கிறவர் இல்லை. அடிக்கிறவரும் இல்லை. காலையில் வேலைக்குப் போகும்போது அத்தையை உள்ளே வைத்து வெளியே பூட்டிவிட்டுப் போவார். சாயங்காலம் வந்து திறப்பார். அவ்வளவுதான்.

"பூட்டுனா என்னளா இப்போ? கள்ளன் பயமா இருக்கும்" என்றார் அப்பா.

"உள்ள இருக்கது நான்லா அண்ணே. அப்போ கள்ளன் யாரு?"

அம்மா அடுப்பைப் பார்த்தபடி, "ரெண்டு நாளு இருந்துட்டுப் போகட்டும்" என்றாள். யாரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை.

எங்கள் வீடு உப்பளத்தை ஒட்டி இருந்தது. ஓர் அறை, பக்கத்தில் ஓலை இறக்கிய சாய்ப்பு. வாசலில் நின்றால் பாத்தி பாத்தியாக வெள்ளை, அதற்கு அப்பால் துறைமுகத்துக் கிரேன்கள். கப்பல் ஊதினால் தட்டில் உள்ள கஞ்சி அதிரும் என்று நாங்கள் பள்ளிக்கூடத்தில் பொய் சொல்லுவோம். அப்பா அளத்தில் காவல் வேலை பார்த்தார். அத்தை சாய்ப்பில் படுத்துக்கொண்டாள்.

அவளுக்குக் கைராசி உண்டு என்று கல்யாணத்துக்கு முன்னால் எங்கள் வரிசையில் பேச்சு. யார் வீட்டுக் கோழி அடைக்கு உட்கார்ந்தாலும் முட்டை எடுத்து வைக்க அவளைத்தான் கூப்பிடுவார்கள். அவள் வைத்த முட்டையில் கூமுட்டை விழாது, எல்லாம் பொரிக்கும் என்பார்கள். அதை நம்பித்தானோ என்னவோ, பத்து நாள் கழித்துக் காதுக் கம்மலை விற்று, கால்நடை ஆஸ்பத்திரிப் பக்கம் போய், மூடி போட்ட கூடையில் இருபத்தைந்து குஞ்சுகளோடு வந்தாள். ஒருநாள் வயது. எல்லாம் ஒரே மஞ்சள்.

"இதுவ முட்டை போட ஆரம்பிச்சுட்டுன்னா எனக்கு ஒருத்தரும் சோறு போட வேண்டாம் அண்ணே. சாய்ப்புல ஒரு ஓரத்துல கெடந்துக்கிடுதேன்."

அப்பா பீடியைக் காலில் தேய்த்து அணைத்தார். "சரி, பாப்போம். இதுவ பிழைச்சு வெளிக்கூட்டுல நின்னுட்டுன்னா மாப்பிள்ளைகிட்ட நான் பேசிக்கிடுதேன். இல்லைன்னா மறுபேச்சு பேசாம போயிரணும்."

"சரிண்ணே" என்றாள் அத்தை. அவர் சொல்லி முடிப்பதற்குள் சொல்லிவிட்டாள்.

தேயிலைப் பெட்டியில் உமி பரப்பி, மேலே நூறு வாட்ஸ் பல்பைக் கட்டித் தொங்கவிட்டாள். வெள்ளித்தாளில் வெளிச்சம் பட்டு, பெட்டிக்குள் வெயில் அடிப்பது போல இருக்கும். குஞ்சுகள் பல்புக்கு அடியில் நெருக்கியடித்தால் குளிருகிறது என்று பல்பை இறக்குவாள். ஓரத்துக்கு ஓடி வாயைப் பிளந்தால் ஏற்றுவாள். நடுச்சாமத்தில் விழித்தால்கூட அவள் கை பெட்டி விளிம்பில்தான் கிடக்கும்.

பக்கத்து வீட்டுக்காரி வந்து எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "ஏளா, உன் பிள்ளைகளுக்கு லைட்டப் போட்டுத் தூங்க வைக்கிய. எம்பிள்ளைகளுக்கு லைட்ட அணைச்சாத்தான் தூக்கம் வருது."

"உம்பிள்ளை முட்டை போடாதுல்லா" என்றாள் அத்தை. அவள் வந்ததிலிருந்து அன்றைக்குத்தான் எல்லோரும் சிரித்தோம். அம்மாவும் சிரித்தாள்.

முதல் வாரத்தில் நாலு செத்தன. அது எப்போதும் நடக்கிறதுதான் என்று அத்தை சொன்னாள். மீதி இருபத்தொன்றும் நின்றுவிட்டன. மஞ்சள் மயிர் உதிர்ந்து இறக்கை முளைத்தது. பெட்டி போதாமல் ஒன்றன்மேல் ஒன்று ஏறின. வீடெல்லாம் நாற்றம். அம்மா சோற்றில் கை வைக்கும்போதெல்லாம் மூக்கைச் சுளித்தாள். பங்குனி பிறந்ததும் அத்தை பகலில் பல்பை அணைத்தாள். பிறகு ராத்திரியும் அணைத்தாள். வெயில் ஏறியதும் வாசலில் விட்டு, கோழி கவிழ்க்கிற மூங்கில் பஞ்சாரத்தால் மூடி, பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள். முதல் நாள் அரைமணி. அடுத்த நாள் ஒரு மணி. அவசரப்பட்டு அவள் ஒன்றும் செய்யவில்லை. இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும். ஏனென்றால் பின்னால் எல்லோரும் வேறு மாதிரி சொன்னார்கள்.

"இன்னும் ஒரு வாரம் போகட்டுமே" என்று அப்பா ஒரே ஒரு தடவை சொன்னார்.

"இறக்கை வந்துட்டு அண்ணே. எத்தனை நாளைக்குத்தான் பெட்டிக்குள்ள கெடக்கும்?"

அப்பாவே கூடு அடித்தார். துறைமுகத்திலிருந்து வந்த கட்டைகள், மீன்வலைத் துண்டு, மேலே பழைய தகரம். கதவுக்குத் தோலில் கீல் வைத்தார். அவருக்குக் கை வேலை பிடிக்கும். ஆணியை வாயில் கவ்விக்கொண்டு சத்தமில்லாமல் ஏதோ பாடுவார். தங்கச்சி இங்கேயே இருக்கட்டும் என்று அவருக்கும் உள்ளுக்குள் இருந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரு கோழிக்கூட்டுக்கு அத்தனை இழைப்பு இழைத்திருக்க மாட்டார்.

எங்கள் பக்கம் எதைக் கட்டினாலும் அடியில் உப்பைக் கொட்டுவார்கள். செல், அதாவது கறையான், அரிக்காது, எறும்பு ஏறாது, கண்ணும் படாது. சனிக்கிழமை விடியுமுன் அப்பா அளத்திலிருந்து ஒரு சாக்குக் கல்லுப்பைத் தூக்கி வந்து கூட்டுக்குப் பின்னால் போட்டார். சமையலுக்கு ஒரு படி எடுத்தால் யாரும் கேட்க மாட்டார்கள். சாக்கோடு எடுத்தது தெரிந்தால் காவல்காரனுக்கு வேலை இருக்காது.

"ஏலே, உப்பை விரிச்சு, மேல ஒரு சாண் மண்ணு போடு. கடற்கரை மண்ணு, நல்லா சலிச்ச மண்ணா எடுத்துட்டு வா. உப்பு போட்டது ஒருத்தருக்கும் தெரியப்படாது. அத்தைகிட்டயும் மூச்சுவிடாதே. அவ பக்கத்து வீட்டுல போயி உளறிருவா."

உப்பை விரித்தேன். பரல் பரலாக, வெயிலில் கண் கூசியது. மண் எடுக்க ஓடை தாண்டிப் போக வேண்டும். பனையோலைக் கடகத்தில் அள்ளித் தலையில் வைத்து நாலு நடை நடந்தேன். கழுத்து வலித்தது. ஐந்தாவது நடைக்குக் கிளம்பும்போது அளத்து மேட்டில் பையன்கள் பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். திரும்பிக் கூட்டுக்குள் பார்த்தேன். வெள்ளை தெரியவில்லை. கையை ஊன்றி அளந்தேன். நாலு விரல் இருந்தது. கடகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு விளையாடப் போய்விட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அத்தை தலைக்குக் குளித்து, ஒவ்வொரு குஞ்சாக இரண்டு கையிலும் ஏந்திக் கூட்டுக்குள் விட்டாள். அவை கொஞ்ச நேரம் அசையாமல் நின்றன. அப்புறம் ஒன்று காலால் மண்ணைக் கிளறியது. உடனே எல்லாம் கிளறின. உமியைத் தவிர எதையும் மிதித்திராத கால்கள். சின்னக் கல்லைப் பொறுக்கித் தின்ன வேண்டும் என்று அவற்றுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்களோ, கிளறுவதும் கொத்துவதுமாக ஒரே கும்மாளம். அத்தை வலையில் முகத்தை வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "வெளிய வந்தாச்சுல்லா" என்று மெதுவாகச் சொன்னாள்.

மத்தியானம் தண்ணீர்ச் சட்டி காலியாக இருந்தது. ஊற்றினாள். மறுபடி காலி. மூன்றாவது தடவை அவள் குடத்தைத் தொட்டபோது அம்மா தடுத்தாள்.

"ஏளா, தண்ணி லாரி நாளைக்கழிச்சுத்தான் வரும். குடிக்கிற தண்ணிய எடுத்துக் கோழிக்கு ஊத்துதியே. அடிபைப்புத் தண்ணிய ஊத்து."

அடிபைப்புத் தண்ணீர் எங்கள் பக்கம் ஒரே உப்பு, வாயில் வைக்க முடியாது. துணி துவைத்தால் நுரை வராது. அத்தை அதை அடித்து ஊற்றினாள். குஞ்சுகள் அதையும் குடித்தன.

நான் விளையாடிவிட்டு வந்தபோது அவள் கூட்டின் முன்னால் குத்தவைத்திருந்தாள்.

"ஏலே, இதுவ தண்ணிய விட்டு நகர மாட்டேங்கு. கழிச்சல் வேற தண்ணியாப் போகு. கூட்டுக்குள்ள என்னலே போட்ட?"

"மண்ணுதான் அத்தை."

"வேற ஒண்ணும் போடலியே?"

"இல்லை அத்தை. ஒரு சாண் மண்ணு போட்டேன்."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். சந்தேகமாகப் பார்க்கவில்லை. சரி, பிள்ளை சொல்லுகிறது என்று பார்த்தாள். இன்னொரு கேள்வி கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று இப்போது சொல்லிக்கொள்ளத் தோன்றுகிறது. சொல்லியிருக்க மாட்டேன். அப்பாவின் வேலையும் இருந்தது, என் நாலு விரலும் இருந்தது.

திங்கள் காலையில் ஏழு செத்துக் கிடந்தன. மற்றவை நிற்க முடியாமல் கால் இழுத்து, மல்லாந்து காற்றில் உதைத்தன. அத்தை அவற்றைத் திரும்பவும் தேயிலைப் பெட்டிக்குள் வைத்துப் பல்பைப் போட்டாள். குளிர்தான் என்று எல்லோரும் சொன்னார்கள். செவ்வாய் சாயங்காலம் இரண்டு மட்டும் மிஞ்சின.

"பல்பு சூட்டுல கெடந்ததத் தூக்கிக் கடக்காத்துல விட்டா என்ன செய்யும், பாவம்" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

"ஒரு வாரம் பொறுன்னு தலையால அடிச்சுக்கிட்டேன்" என்றார் அப்பா. ஒரே ஒரு தடவை, சும்மா சொன்ன பேச்சு. அதற்குள் தலையால் அடித்துக்கொண்டதாக மாறிவிட்டது. அவர் பொய் சொல்லவில்லை. அப்படித்தான் நடந்தது என்று அவர் நம்பத் தொடங்கிவிட்டார்.

அம்மா, "கைராசி கைராசின்னாவ" என்று மட்டும் சொன்னாள்.

அத்தை சாய்ப்பில் உட்கார்ந்து தன் உள்ளங்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

என்னைக் குழி தோண்டச் சொன்னார்கள். கூட்டுக்குப் பின்னால் தோண்டினேன். அத்தை கடகத்தில் கொண்டுவந்து ஒவ்வொன்றாக உள்ளே வைத்தாள், உயிரோடு இருப்பதை வைப்பது போல. நான் மண்ணைத் தள்ளினேன். நாய் தோண்டக்கூடாது என்று ஓடைக்கு அப்பால் போய் இன்னும் மூன்று நடை மண் கொண்டுவந்து போட்டேன். அன்றைக்கு ஒரு சாணுக்கு மேலேயே இருக்கும்.

வெள்ளிக்கிழமை மாமா வந்தார். வெள்ளைச் சட்டை. கோபமாக ஒரு வார்த்தை பேசவில்லை. அம்மா கொடுத்த கலர் சோடாவைக் குடித்து, சீசாவைச் சுவரோரம் சாயாமல் வைத்தார். அரைஞாண் கயிற்றில் சாவி தொங்கியது. "பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றார்.

அத்தை மஞ்சள் பையை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். "ரெண்டையும் நீ பாத்துக்கிடுலே. என் கை இனிமே படவேண்டாம்."

அந்த இரண்டையும் என்னால் பார்க்க முடியவில்லை. அடுத்த வாரம் தண்ணீர் லாரிக்காரரிடம் கொடுத்துவிட்டேன். அந்த வருஷத்தோடு என் படிப்பும் நின்றது. அளத்துக்கு வேலைக்குப் போனேன். கூட்டில் அம்மா விறகு அடுக்கினாள்.

அத்தைக்குப் பிள்ளை பிறக்கவில்லை. என் கல்யாணத்துக்கு வந்தாள். நலுங்கு வைக்கக் கூப்பிட்டபோது, "வேண்டாம் மைனி, மத்தவிய வைக்கட்டும்" என்று தூணுக்குப் பின்னால் போய்விட்டாள். என் மகள் பிறந்தபோது வந்து பார்த்தாள், கையில் வாங்கவில்லை. அத்தைக்கு ஒட்டுதல் இல்லை, கரிசல் காட்டுக்குப் போய் மனசு வறண்டுவிட்டது என்று அம்மா சொல்லுவாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அப்பா கடைசிவரை அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். "உங்க அத்தைக்கு அவசரம்" என்றுதான் முடிப்பார்.

போன மாதம் மகள் வளர்த்த குஞ்சுகளுக்கு இறக்கை வந்ததும் வீட்டுக்குப் பின்னால் கூடு அடித்தேன். கடையில் கல்லுப்பு மூட்டை வாங்கிவந்து அடியில் கொட்டினேன். இந்தத் தடவை ஒரு சாண் மண் போட வேண்டும் என்று மண்வெட்டியையும் எடுத்து வைத்திருந்தேன். பக்கத்து வீட்டு ஆட்டுக்கு ஊசி போட வந்த கால்நடை டாக்டர், சின்ன வயசுப் பெண், சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.

"என்ன அண்ணாச்சி கொட்டுதிய?"

"உப்புதாம்மா. செல் அரிக்காம இருக்க."

"குஞ்சு விடுற இடத்துலயா? முதல்ல அள்ளுங்க. கிளறித் தின்னா ஒண்ணு மிஞ்சாது. கல்லுன்னு நினைச்சுல்லா கொத்தும்."

"உப்பு தின்னா செத்துருமா?"

"குஞ்சுக்கு உப்பு விஷம் அண்ணாச்சி. தண்ணியத் தண்ணியக் குடிக்கும். தண்ணியாக் கழியும். காலு இழுத்துக்கிடும்."

மண்வெட்டியைச் சுவரில் சாய்த்தேன். "தண்ணி குடிக்கும்போதே தெரிஞ்சு போச்சுன்னா?"

"உடனே இடத்த மாத்தி, நல்ல தண்ணியாக் கொஞ்சம் கொஞ்சமாக் குடுத்தா முக்காவாசி பிழைச்சிரும். ஏன், எதுவும் செத்துட்டா?"

"ரொம்ப நாளாச்சும்மா" என்றேன்.

அன்றைக்கே உப்பு முழுவதையும் அள்ளிச் சாக்கில் கட்டினேன். எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது. ஒருத்தர் முன்னால் பேசுவது அதைவிடக் கஷ்டம். மூன்றாம் நாள் மகளின் குஞ்சுகளில் நல்லதாக இரண்டு பெட்டைகளைக் கூடையில் வைத்து ஓட்டப்பிடாரம் பஸ்ஸில் ஏறினேன்.

மாமா இறந்து ஆறு வருஷமாகிறது. அத்தை தனியாகத்தான் இருக்கிறாள். வெளிக்கதவில் நாதாங்கி இல்லை, பிடுங்கிய இடத்தில் துளை மட்டும் இருந்தது. முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தாள். நான் எதிரில் உட்கார்ந்து, அவள் முகத்தைப் பார்க்காமல் கீரையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். சாக்கு, நாலு நடை, நாலு விரல், மண்ணுதான் அத்தை என்று சொன்னது, டாக்டர் சொன்னது, எல்லாம்.

அவள் கை நிற்கவில்லை. உருவி முடித்த குச்சியை ஓரமாக வைத்து அடுத்த கொத்தை எடுத்தாள்.

"உப்புனாலதான்னு உங்க அப்பாவுக்குத் தெரிஞ்சிருந்துச்சா?"

"தெரியாது அத்தை."

"எத்தனை செத்துச்சுன்னு ஞாபகம் இருக்கா?"

"பத்தொம்பது."

"பதினெட்டுதான் செத்துச்சு. ஒண்ணு துடிச்சுக்கிட்டே கெடந்துச்சு. பாக்க முடியாம நான்தான் கழுத்தத் திருகுனேன்." உருவிய கீரையை ஒதுக்கிவிட்டுச் சொன்னாள்: "அடுத்த வீட்டுப் பிள்ளைக்குத் தலைக்கு எண்ணெய் வைக்கப் பயந்து கெடந்தேம்லே இத்தனை வருஷமும். உம்பிள்ளையத் தூக்கலைன்னு உங்க அம்மை பேசுனா. எனக்கும் காதுல விழுந்துச்சு."

நானும் ஒரு கொத்தை எடுத்து உருவத் தொடங்கினேன்.

"அன்னைக்குக் கேட்டேம்லா. உன் முன்னால குத்தவச்சுக் கேட்டேம்லா."

"கேட்டிய அத்தை."

கூடைக்குள் குஞ்சுகள் சத்தம் போட்டன. அவள் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. "அதுவளக் கொண்டுபோயிரு" என்றாள். எழுந்தேன். வழக்கமாகச் சொல்லுகிற 'போயிட்டு வா' வரவில்லை. கூடையைத் தூக்கிக்கொண்டு பஸ் நிறுத்தம் வரை நடந்தேன். சொன்னால் பாரம் குறையும் என்பார்கள். என் பாரத்தைக் கொண்டுபோய் அவள் மடியில் இறக்கிவிட்டு வந்த மாதிரிதான் இருந்தது.

பத்து நாள் ஒரு தகவலும் இல்லை. நேற்றுக் காலையில் தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது. பக்கத்து வீட்டுப் பெண்ணின் போன் போலிருக்கிறது. அத்தை சுகம் விசாரிக்கவில்லை.

"அந்த ரெண்டு பெட்டையும் இருக்கா, குடுத்துட்டியா?"

"இருக்கு அத்தை."

"ஞாயித்துக்கிழமை கொண்டா. வெறும் குஞ்சு மட்டும் கொண்டுவந்தாப் போதும்."

"கூடு அடிச்சுத் தாரேன் அத்தை."



"அடி" என்றாள். "மண்ணு நான் போட்டுக்கிடுதேன்."